முனையத்தில் மெயில்: ஒரு மெய்ப்புத் திருத்துநரின் பழைய கணினியில் மட் பழகிய எட்டு வாரங்கள்

பின்னணி

தேனி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்துகொண்டு மூன்று பதிப்பகங்களுக்கு மெய்ப்பு பார்த்துக் கொடுப்பவர் இவர். வயது 50ஐத் தாண்டியவர். அவர் சம்மதத்துடன், பெயரையும் ஊரையும் தவிர்த்து இதை எழுதுகிறேன். மட் என்பது முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சிடும் கறுப்புத் திரையில், மெயில் படிக்க உதவும் நிரல்.

வேலை முழுக்க மெயில் வழியாகத்தான் நடக்கிறது. பக்கங்கள் பிடிஎஃப் ஆக வரும், திருத்தம் திரும்பிப் போகும், நடுவில் நூலாசிரியருக்குச் சந்தேகம் கேட்டுப் பத்துப் பதினைந்து மடல்கள் ஓடும். கையில் இருப்பது 2 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினி. அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ், எடை குறைந்த சாளர மேலாளர். இணையம் கைபேசி ஹாட்ஸ்பாட்டில், நாளொன்றுக்கு 1.5 ஜிபி.

2024 ஜனவரியில் போன் செய்து சொன்னார்: "தம்பி, மெயிலத் தொறந்தா மெய்ப்பு மூடிக்கிருது. மெய்ப்பத் தொறந்தா மெயில் மூடிக்கிருது."

நேரில் போய்ப் பார்த்தேன். உலாவியில் மெயில் பக்கம், பக்கத்தில் 300 பக்கப் பிடிஎஃப், பின்னால் லிப்ரேஆஃபிஸ். மூன்றும் சேர்ந்தால் 2 ஜிபி தாங்காது. நினைவகம் தீர்ந்ததும் இயக்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் ஏதாவது ஒரு நிரலை நிறுத்தி இடம் எடுத்துக்கொள்ளும். பல நேரம் நின்றது அவர் திருத்திக்கொண்டிருந்த கோப்புதான். கணினிப் பதிவேட்டில் ஒரே வாரத்தில் நான்கு முறை அது நடந்திருந்தது.

எதைத் தேர்ந்தோம்

நான் முதலில் சொன்னது கிளாஸ் மெயில் என்ற மெயில் நிரல். சாளரத்தோடு வரும், எடையும் குறைவு, இந்தக் கணினிக்குப் போதும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. 1990களின் கடைசியில், அன்றைய அரசு இணைய நிறுவனமான விஎஸ்என்எல் கொடுத்த, எழுத்து மட்டும் தெரியும் ஷெல் கணக்கில், கறுப்புத் திரையில், பைன் என்ற நிரலில்தான் அவர் முதன்முதலாக மெயில் பார்த்தவர். சுட்டியைத் தொட்டால் மணிக்கட்டு வலிக்கிறது, விசைப்பலகை மட்டும் போதும் என்றார். கோப்புகளை நகர்த்துவது, பெயர் மாற்றுவது எல்லாம் ஏற்கெனவே முனையத்தில்தான் செய்கிறார். பழக்கம் இருக்கிற ஆள் கேட்கும்போது மறுக்கக் காரணம் இல்லை.

பைன், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989இல் தொடங்கிய வேலை. அதன் வாரிசான ஆல்பைன் இன்றும் டெபியனில் கிடைக்கிறது. அதைத்தான் முதலில் நிறுவினோம். திரையின் அடியில் விசைகளின் பட்டியல் இருந்ததால் அரை மணி நேரத்தில் கை பழகிவிட்டது. ஆனால் நாங்கள் அமைத்திருந்த விதத்தில் அது மடல்களைச் சேவையகத்திலேயே வைத்துப் படித்தது. ஹாட்ஸ்பாட் ஒரு நொடி அறுந்தாலும் திரை காத்துக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் மாலை மின்வெட்டு, கூடவே சிக்னலும் இல்லை. அன்று மதியம் படித்த மடலைக்கூட அவரால் மறுபடி பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் தேவை என்னவென்று இருவருக்கும் சரியாகப் புரிந்தது. கறுப்புத் திரை இரண்டாவது விஷயம். மடல்கள் வட்டில் இருக்க வேண்டும், இணையம் வரும்போது வந்து சேர வேண்டும், இல்லாதபோதும் படிக்க வேண்டும்.

அதனால் மட் நிரலுக்கு மாறினோம். மைக்கேல் எல்கின்ஸ் 1995இல் எழுதத் தொடங்கிய இது, மெயில்டிர் வடிவத்தில் வட்டில் இருக்கும் மடல்களை நேராகப் படிக்கும். மெயில்டிரில் ஒரு மடலுக்கு ஒரு கோப்பு. நிரல் நடுவில் செத்தாலும் மற்ற மடல்களுக்கு ஒன்றும் ஆகாது. மின்வெட்டு ஊருக்கு இது முக்கியம்.

மட் இங்கே மடலைக் காட்டுவதோடு சரி. கொண்டுவந்து சேர்க்க எம்பிசிங்க் (டெபியனில் இதன் பொதியின் பெயர் ஐசிங்க், தேடினால் கிடைக்கவில்லை என்று பலர் நின்றுவிடுவது இங்கேதான்). அனுப்ப எம்எஸ்எம்டிபி. எழுத அவருக்குப் பிடித்த உரைத்தொகுப்பி. இப்படி நான்கு துண்டுகள். பிறகு வந்த எல்லாச் சிக்கலிலும் நான் முதலில் கேட்டது ஒரே கேள்வி: தவறு எந்தத் துண்டில்? மட் மேல் பழி போட்ட இடங்களில் பெரும்பாலும் மட் காரணமாக இல்லை.

முதல் வாரம்: ஒருவழிப் பாதை

அவர் கணக்கு ஜிமெயிலில். 2022 மே 30க்குப் பிறகு தனிநபர் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லோடு வெளி நிரல்கள் உள்ளே நுழைய முடியாது. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக்கென 16 எழுத்துக் கடவுச்சொல் ஒன்றை எடுத்தோம். அதை அமைப்புக் கோப்பில் அப்படியே எழுதி வைக்கவில்லை. ஜினுபிஜி என்ற மறையாக்க நிரல் கொண்டு பூட்டி வைத்து, எம்பிசிங்க் தேவைப்படும்போது கேட்டு வாங்கும்படி அமைத்தோம்.

மிகவும் யோசித்து எடுத்த முடிவு, முதல் சில வாரம் இழுக்க மட்டும் வேண்டும், தள்ளக்கூடாது என்பது. எம்பிசிங்க் சாதாரணமாக இரு பக்கமும் ஒத்திசைக்கும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். மட்டில் டி விசை அழிப்பு. பழகாத கை அதில் பட்டு, வெளியேறும்போது கேட்கும் கேள்விக்கு ஆம் என்றும் சொல்லிவிட்டால் மடல் போய்விடும். அவர் மடல்களில் நூலாசிரியர்களின் ஒப்புதல்கள் இருக்கின்றன, தொலைந்தால் திரும்பக் கேட்க முடியாதவை. அதனால் சேவையகத்திலிருந்து வட்டுக்கு மட்டும் வரும்படி வைத்து, நிரந்தர நீக்கத்தை இரு பக்கமும் முடக்கினோம்.

இரண்டாவது முடிவு அளவைப் பற்றியது. 1 எம்பிக்கு மேற்பட்ட மடல்களுக்கு ஒரு சிறு இடப்பிடிப்பு மடல் மட்டும் வரும்படி செய்தோம். தலைப்பு தெரியும், அனுப்பியவர் தெரியும், உள்ளே அளவு எழுதியிருக்கும். முழு மடல் வேண்டுமென்றால் மட்டில் பெரிய எஃப் விசையை அழுத்திக் கொடியிட வேண்டும். அடுத்த ஒத்திசைவில் முழுதாக வரும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி உள்ள ஆளுக்கு இந்த ஒரு வசதியே போதுமான காரணம் என்று நினைக்கிறேன். எந்தப் பிடிஎஃப் இன்று வேண்டும், எது நாளை வந்தால் போதும் என்பதை இப்போது அவரே முடிவு செய்கிறார்.

தமிழ் எங்கே உடைந்தது

முதல் மடலைத் திறந்ததும் திரை முழுக்கக் கேள்விக்குறிகள். "இது தமிழுக்கு ஆகாது போல தம்பி" என்று எழுந்துவிட்டார்.

அந்தக் கணினியின் மொழிச்சூழல், எல்லா மொழி எழுத்துகளையும் கையாளும் யூடிஎஃப்-8 ஆக இல்லை. யாரோ நிறுவும்போது விட்டுப்போனது. மட் தன்னால் காட்ட முடியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போடும். சூழலை மாற்றி, வெளியேறி, மறுபடி உள்ளே வந்ததும் தமிழ் வந்தது.

ஆனால் உடைந்து வந்தது. ‘கெ’ என்ற எழுத்தில் க முதலில், கொம்பு அதற்குப் பின்னால். ‘கொ’வின் கொம்பும் காலும் க-வுக்கு வலப்பக்கம் ஒன்றாக நின்றன. எழுத்துப் பிழை பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவர் இப்படி ஒரு திரையை நாள் முழுக்கப் பார்க்க முடியாது. எது மூலத்தில் உள்ள பிழை, எது திரை செய்த பிழை என்றே தெரியாமல் போகும்.

மட்டை விட்டு வெளியே வந்து, அதே மடலின் கோப்பை அதே முனையத்தில், கோப்பின் உரையைக் காட்டும் லெஸ் கட்டளையால் திறந்தோம். அங்கும் உடைந்தே இருந்தது. அதே கோப்பைச் சாளர உரைத்தொகுப்பியில் திறந்தோம். சரியாக இருந்தது. ஆக, மடலும் சரி, மட் நிரலும் சரி, முனையம்தான் காரணம். அவர் பயன்படுத்தியது எக்ஸ்டெர்ம் என்ற முனையம். ஒருங்குறியில் ‘கெ’ என்பது முதலில் க, பிறகு எகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படும். கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது வரைகிறவர் வேலை. எக்ஸ்டெர்ம் அந்த வேலையைச் செய்வதில்லை. ஒவ்வொரு குறியீட்டையும் அதனதன் கட்டத்தில் வந்த வரிசையில் வைத்துவிடும்.

பல மொழிகளுக்கென்றே எழுதப்பட்ட எம்எல்டெர்ம் என்ற முனையத்தை நிறுவி, குறிகளை அதனதன் இடத்தில் அடுக்கும் ஓப்பன்டைப் எழுத்தமைப்பை இயக்கி, லோஹித் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தோம். கொம்பு தன் இடத்துக்கு வந்தது. அவர் திரைக்கு அருகே குனிந்து, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, ‘ணை’ என்று ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஒரு குறை தீரவில்லை. முனையம் என்பது கட்டம் போட்ட தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் எத்தனை கட்டம் என்பதை ஒருங்குறியின் பண்புகளை வைத்து நிரல்கள் கணக்கிடுகின்றன. அந்தக் கணக்கில் புள்ளிக்கும் ஈகாரக் குறிக்கும் அகலம் இல்லை, இகரக் குறிக்கும் காலுக்கும் ஒரு கட்டம். அச்சில் ‘ண’வும் ‘ர’வும் ஒரே அகலமா? இல்லை. அதனால் தமிழ்ப் பெயர் வரும் வரிகளில் அடுத்த நெடுவரிசை முன்னும் பின்னும் தள்ளாடியது. மடல் பட்டியலின் அமைப்பையே மாற்றினேன். எண், தேதி, அளவு ஆகியவை இடப்பக்கம். தமிழ் வரக்கூடிய பெயரும் தலைப்பும் கடைசியில். இப்போது தள்ளாட்டம் வரியின் வால் பகுதியோடு நின்றுவிடுகிறது.

மூன்றாம் வாரம்: நாங்கள் செய்த தவறு

இன்பாக்ஸ் நன்றாக வந்துகொண்டிருந்ததால், ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லா உறைகளையும் (ஃபோல்டர்களையும்) இழுக்கும்படி மாற்றினேன். எதை விலக்க வேண்டும் என்று எழுதவில்லை. ஜிமெயிலில் சிட்டைகள்தான் (லேபிள்கள்), வெளி நிரல்கள் சேவையக மடல்களைப் படிக்கும் ஐமேப் முறை வழியாக, உறைகளாகத் தெரியும். மூன்று சிட்டை உள்ள மடல் மூன்று உறைகளில் வரும். அதற்கு மேல் ‘எல்லா மடல்களும்’ என்ற உறையில் இன்னொரு முறை. இது எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்திருந்தும் விலக்கப் பட்டியலை எழுதாமல் கட்டளையை ஓட்டிவிட்டு ஊர் திரும்பினேன்.

பத்து மணிக்குள் அன்றைய 1.5 ஜிபி தீர்ந்துவிட்டது. பெரிய மடல்களுக்குத்தான் வரம்பு இருந்ததே தவிர, சின்ன மடல்கள் ஆயிரக்கணக்கில் இரண்டு மூன்று பிரதிகளாக வந்து குவிந்தன. மாலைக்குள் ஒரு பதிப்பகத்துக்கு அட்டைப் பக்கத் திருத்தம் போயாக வேண்டும். வேகம் குறைந்த இணைப்பில் கோப்பு ஏறவில்லை. பக்கத்து வீட்டு இணைப்பைக் கேட்டு வாங்கி இரவு எட்டரைக்கு அனுப்பினார். என்னிடம் கோபப்படவில்லை. அதுவே எனக்கு அதிகமாக உறுத்தியது.

மறுநாள் மூன்று உறைகளை மட்டும் பெயர் சொல்லிச் சேர்த்தேன்: இன்பாக்ஸ், அனுப்பியவை, நடப்பு வேலை. பழையவற்றை அவர் மகளின் கல்லூரி இணைப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இறக்கிக்கொண்டோம்.

எழுதுவதும் அனுப்புவதும்

தமிழ்99 விசைப்பலகையில் ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் வழியாகத் தட்டச்சுச் செய்பவர் அவர். நானோ என்ற முனைய உரைத்தொகுப்பியில் எழுதிப் பார்த்தார். பின்னழிப்பு விசை ஒவ்வொரு குறியாக அழித்தது, அது பழக்கம்தான். நீண்ட வரிகள் மடியும் இடத்தில் சுட்டுக்குறி எங்கே நிற்கிறது என்று தெரியாததுதான் தொல்லை. அதனால் எழுதுவதற்கு மட்டும் மவுஸ்பேட் என்ற சாளரத் தொகுப்பியை மட்டோடு இணைத்தேன்.

முதல் மடலை முழுதாக எழுதிச் சேமித்து மூடினார். மட்டின் அடிவரியில் ‘மாற்றப்படாத மடல் கைவிடப்பட்டது’ என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் செய்தி. எழுதியது எதுவும் இல்லை. மவுஸ்பேட் ஏற்கெனவே வேறொரு கோப்போடு திறந்திருந்தது. அதனால் புதிய கோப்பை அந்தச் சாளரத்திடம் ஒப்படைத்துவிட்டு அழைப்பு உடனே திரும்பிவிட்டது. எழுதி முடித்தாகிவிட்டது, எதுவும் மாறவில்லை என்று மட் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் தனியாகத் திறக்கும் விருப்பத்தைச் சேர்த்ததும் சரியானது. பெறுநர், தலைப்பு வரிகளும் தொகுப்பிக்குள்ளேயே வரும்படி வைத்தோம். மட்டின் ஒற்றை வரியில் தமிழ்த் தலைப்பைத் திருத்துவது கடினம்.

சிக்னல் இல்லாதபோது அனுப்பினால் 75 என்ற எண்ணோடு பிழை வரும். தற்காலிகத் தோல்வி என்று பொருள். மடல் தொலைவதில்லை, அனுப்பும் திரையிலேயே நிற்கும். பெரிய பி விசையை அழுத்தித் தள்ளிவைத்து, சிக்னல் வந்ததும் எடுத்து அனுப்பலாம். இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறார்.

இணையப் பக்கம்போல வடிவமைத்த எச்டிஎம்எல் மடல்களை டபிள்யூ3எம் என்ற நிரல் வெறும் உரையாக மாற்றித் தருகிறது. வெளிப் படங்கள் இறங்குவதில்லை. விளம்பர மடல்களில் யார் திறந்தார்கள் என்று உளவறிய வைக்கும் ஒரு புள்ளிப் படமும் அதனால் வேலை செய்யாது. பிடிஎஃப் இணைப்புகளை வி விசையால் பட்டியலிட்டு எம்யூபிடிஎஃப்பில் திறக்கிறார்.

பழைய மடல்கள்

இறக்கிய பழைய மடல்களில் 2005, 2006ஆம் ஆண்டைச் சேர்ந்த சில வெறும் குப்பை எழுத்துகளாகத் தெரிந்தன. மறைந்துவிட்ட ஒரு மொழிபெயர்ப்பாளர் எழுதியவை. உலாவியில் பல வருடங்களாக அப்படித்தான் தெரிந்தன, போய்விட்டது என்றே விட்டிருந்தார்.

ஒருங்குறி பரவுவதற்கு முன்பு இணையத் தமிழர் பலர் பயன்படுத்திய டிஸ்கி என்ற எட்டு பிட் குறியீட்டில் எழுதப்பட்டவை அவை. மடலின் தலைப்பகுதியோ குறியீடு மேற்கைரோப்பிய மொழிகளுக்கான ஐஎஸ்ஓ-8859-1 என்று சொல்லியது. லினக்சின் அடிப்படை நிரல் நூலகமான ஜிலிப்சியில் டிஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் வசதி உள்ளே இருக்கிறது. மட்டில் மடலைத் திறந்து கன்ட்ரோல்-ஈ அழுத்தி, குறியீட்டின் பெயரை டிஸ்கி என்று மாற்றி எழுதினேன்.

‘அன்புள்ள நண்பருக்கு, மூன்றாம் அத்தியாயத்தில் நீங்கள் காட்டிய இடம் சரிதான்’ என்று தொடங்கியது மடல். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மடல் முடியும் வரை நானும் பேசவில்லை.

எல்லாம் இப்படி மீளவில்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் வந்தவை வெறும் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டவை. அவற்றுக்கு இந்த வழி பொருந்தாது, தனி மாற்றி வேண்டும்.

ஐந்தாம் வாரம் முதல்

இருவழி ஒத்திசைவைத் திறப்பதற்கு முன், சோதனைக்கென ஒரு புதுக் கணக்கு தொடங்கி, அதில் 20 மடல்களைப் போட்டு, அழித்தும் நகர்த்தியும் பார்த்தோம். ஜிமெயிலின் இயல்பு அமைப்பில், ஐமேப் வழியாக இன்பாக்ஸில் அழித்த மடல் குப்பைக்குப் போகாமல் காப்பகத்தில் தங்கியது. உண்மையாகவே நீக்க, குப்பை உறைக்கு நகர்த்த வேண்டும். மட்டில் குப்பை உறையைக் குறித்துவிட்டால் டி விசையே அதைச் செய்யும். அனுப்பிய மடலின் பிரதியை மட் தனியாகச் சேமிப்பதையும் நிறுத்தினோம். சேவையகமே ஒன்று வைத்துக்கொள்வதால் இரண்டிரண்டாக வந்தன.

எட்டாம் வார முடிவில் பதிவேட்டைப் பார்த்தேன். கடைசி ஐந்து வாரத்தில் கர்னல் எந்த நிரலையும் நிறுத்தவில்லை. உலாவி நாளில் ஓரிரு முறைதான் திறக்கிறது. நாள்காட்டி அழைப்புகளுக்கும் வங்கி மடல்களுக்கும் கைபேசியைப் பயன்படுத்துகிறார். அதை மாற்றச் சொல்லவில்லை, தேவையும் இல்லை.

எல் விசையால் ஒரு நூலாசிரியரின் மடல்களை மட்டும் வடித்துப் பார்ப்பது அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. அதில் ஒருநாள் ‘கோ’ என்று தொடங்கும் பெயர் ஒன்று அகப்படவில்லை. கண் முன்னே மடல் இருக்கிறது, தேடினால் இல்லை. அனுப்பியவரின் தட்டச்சு நிரல் ஓகாரக் குறியை ஒரே குறியாக எழுதாமல், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டாக எழுதியிருந்தது. திரையில் இரண்டும் ஒன்றே, பைட்டுகளில் வேறு.

மறுபடி செய்தால்

மொழிச்சூழலையும் முனையத்தையும் மட் நிறுவும் முன்பே சோதிப்பேன். ஒரு தமிழ்க் கோப்பை லெஸ் கட்டளையால் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும். முதல் நாளே அவர் நாற்காலியை விட்டு எழுந்ததற்கு அந்த ஐந்து நிமிடத்தை நான் ஒதுக்காததுதான் காரணம்.

உறைகளை எப்போதும் பெயர் சொல்லிச் சேர்ப்பேன். முதல் பெரிய இறக்கத்தை ஹாட்ஸ்பாட்டில் செய்ய மாட்டேன். வேலை நெருக்கும் நாளில் எந்த அமைப்பையும் தொட மாட்டேன். ஒருவழி ஒத்திசைவு, சோதனைக் கணக்கு இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்வேன். ஆல்பைனில் கழிந்த மூன்று நாளையும் வீண் என்று சொல்ல மாட்டேன். மின்வெட்டு மாலை இல்லாமல் உண்மையான தேவை எங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஓகாரச் சிக்கலுக்கு இப்போதைக்கு இரு வடிவங்களையும் பிடிக்கும் தேடல் வரி ஒன்றை ஒரு விசையில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். பாமினி மடல்கள் 14 மீதி இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக மாற்றி, மூலத்தோடு ஒப்பிட்டு, மெய்ப்பு பார்த்துச் சேமித்துக்கொண்டிருக்கிறார்.